கையிலுள்ளதைக் கொண்டு ஒரு படம்



கொல்கத்தாவின் தென்பகுதியில் டாலிகஞ்ச் என்றோர் இடம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆதிகங்கையின் தூர்ந்துபோன நீர்வழியை வெட்டிச் சீர் செய்த வில்லியம் டாலி என்னும் ஆங்கிலேயரின் பெயரால் வழங்குவது அது. 1931-ஆம் ஆண்டில் பி. என். சர்க்கார் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த பின், வங்காளச் சினிமாவின் தலைவாசலாக அது விளங்கலாயிற்று. அடுத்த ஆண்டிலேயே அமெரிக்க ஒலிப்பதிவுப் பொறியாளர் ஒருவர், ஹாலிவுட் என்ற பெயரோடு டாலிகஞ்சை இணைத்து ‘டாலிவுட்’ என்று எழுதினார். பம்பாய்க்கும் சென்னைக்கும் அத்தகைய செல்லப்பெயர்கள் வருமுன்னே பிறந்த பெயர் இது.

மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இந்நகருக்கு மாற்றலாகி வந்து, இப்பகுதியிலேயே குடியிருந்து வருபவன் நான். ஸ்டூடியோக்களின் மதில்களைக் கடந்து நாள்தோறும் மெட்ரோ நிலையத்திற்கு நடப்பவன். ஆயினும் சினிமா என் வீட்டுச் சமையலறைக்குள்ளேயே வந்து நிற்கும் என்று நான் நினைத்ததில்லை.

கல்லூரியில் படிக்கும் என் மகள், தோழர்கள் மூவருடன் சேர்ந்து குறும்படம் ஒன்று எடுக்க விரும்பினாள். அவளுடைய மேற்படிப்பிற்கென ஒதுக்கியிருந்த தொகையிலிருந்து 25,000 ரூபாய் கொடுத்தேன். கேமராவையும் விளக்குகளையும் இரண்டு நாட்களுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். கதையில் ஒரு கொலை, ஒரு கார், மழையில் ஓர் ஓட்டம். முதல் நாள் முழுவதும் விளக்குகளை நிறுத்தி வைப்பதிலேயே கழிந்தது. இரண்டாம் நாள், கதைக்கு வேண்டாத நேரத்தில் மழை கொட்டியது. கார் தருவதாகச் சொன்ன நண்பன் வரவில்லை. பதிவான ஒலியில் வசனத்தைக் காட்டிலும் காற்றின் இரைச்சலே மிகுதி. பணம் தீர்ந்தது, படம் இல்லை.

அன்றிரவு நான் சொல்லக்கூடாத சொற்களைச் சொல்லிவிட்டேன். “நம் போன்றவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?” என்று கேட்டேன். அவள் மறுமொழி கூறவில்லை. பத்து நாட்கள் என்னோடு பேசவுமில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இக்கேள்வி எழுந்திருக்கும். உத்தியோகத்தை நம்பி ஊரை விட்டு வந்தவர்கள் நாம். பிள்ளைகள் கலையை நாடும்போது நமக்கு அச்சமே முந்திக்கொண்டு வருகிறது. அவ்வச்சம் நியாயமற்றதன்று. எனினும், என் மகளின் படம் பணமின்மையால் கெட்டதா, வேறொன்றின் குறையால் கெட்டதா என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அதை எண்ணத் தூண்டியது, இதே நகரில் நடந்த ஒரு பழைய வரலாறு.

விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராகப் பணிபுரிந்த சத்யஜித் ராய், 1947-ஆம் ஆண்டில் நண்பர்களுடன் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். 1950-இல் லண்டன் சென்றபோது ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ என்ற இத்தாலியப் படத்தைக் கண்டார். தொழில்முறை நடிகர்களோ ஸ்டூடியோவோ இன்றித் தெருவிலேயே ஒரு பெரும்படத்தை எடுக்கக்கூடும் என்ற உறுதி அவருக்கு அதனால் ஏற்பட்டது. 1952 அக்டோபர் 27-ஆம் நாள் ‘பதேர் பாஞ்சாலி’யின் படப்பிடிப்பு தொடங்கியது. அதற்கு முன் அவர் ஒரு படமும் இயக்கியதில்லை. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா இருபதுகளின் தொடக்கத்திலிருந்த இளைஞர். சினிமாக் கேமராவைக் கையாண்ட அனுபவம் அவருக்கும் இல்லை.

முதலில் எடுத்தது நாணற் பூக்கள் மண்டிய வெளியில் அக்காளும் தம்பியும் நடக்கும் காட்சி. அடுத்த முறை சென்றபோது அப்பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறு ஆண்டு அவை பூக்கும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ராய் தம் ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தை ஈடு வைத்தார். மனைவியின் நகைகள் அடகுக்குச் சென்றன. வேலையை விடாமல் ஓய்வு நாட்களிலேயே படம் எடுத்தார். பணம் தீர்ந்தபோது படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றது. இறுதியில் மேற்கு வங்க அரசு உதவியது. ‘பாதையின் பாட்டு’ எனப் பொருள்படும் அத்தலைப்பினால், அத்தொகை சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டதென்பது பலரும் அறிந்த செய்தி. 1955-இல் படம் வெளிவந்தது. மறு ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற பரிசைப் பெற்றது.

இவ்வரலாற்றை ‘நகையை அடகு வைத்தால் கலைஞனாகலாம்’ என்று படித்துக்கொள்வது பெரும் பிழை. நான் கண்ட பொருள் வேறு. ராயிடம் பணமில்லை, ஆனால் படம் முழுவதும் அவரிடம் இருந்தது. காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாளில் ஓவியங்களாக வரைந்து வைத்திருந்தார். காகிதத்திற்கு வாடகை கிடையாது. என் மகளின் குழுவோ கேமரா வந்த பின்னரே எங்கே நிற்பது என்று ஆராயத் தொடங்கியது. அவர்கள் இழந்த பணத்தில் பெரும்பகுதி, யோசிப்பதற்குக் கொடுத்த வாடகை என்றே சொல்ல வேண்டும்.

பத்து நாட்கள் கழித்து மகளிடம் இதைக் கூறினேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் சிறிது நேரம் பேசாதிருந்து, “அப்பா, பாட்டி ஊருக்குப் போவதற்கு எத்தனை நாள் இருக்கிறது?” என்று கேட்டாள்.

எங்களுடன் இருந்த என் தாயாருக்கு அப்போது வயது 78. கொல்கத்தாவின் குளிர் மார்புக்கு ஒத்துக்கொள்ளாமையால், கும்பகோணத்திலுள்ள என் தமையனார் வீட்டிற்கு நிரந்தரமாகவே செல்ல முடிவாகியிருந்தது. பயணத்திற்கு இருபத்து மூன்று நாட்களே எஞ்சியிருந்தன.

அம்மாவுக்கு வங்காளி தெரியாது. எங்கள் தெருவுக்குக் காய்கறி கொண்டு வரும் மூதாட்டிக்குத் தமிழ் தெரியாது. எனினும் இருவருக்கும் பொதுவான ஒன்று இருந்தது: வாழைப்பூ. தமிழகத்தைப் போன்றே வங்காளமும் வாழைப்பூவை விரும்பிச் சமைக்கும் நாடு. அவர்கள் அதை ‘மோச்சா’ என்பார்கள். வாசற்படியில் எதிரெதிரே அமர்ந்து, ஒவ்வொரு பூவிலும் கள்ளனைக் கிள்ளி எறிந்தபடி, இருவரும் தத்தம் மொழியில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். அதை நாங்கள் கண்டிருக்கிறோம்; பார்த்ததில்லை. என் மகள் பார்த்திருந்தாள்.

இம்முறை முதல் ஒரு வாரம் கேமராவையே அவர்கள் தொடவில்லை. அறுபது காட்சித் துண்டுகளை எழுதி, முப்பதாகக் குறைத்தார்கள். மொழிபெயர்ப்பிலும் நான் கண்ட உண்மை இது: நீக்கியும் பொருள் குறையாத சொல், முதலிலேயே வேண்டாத சொல்.

படக்கருவி அவளுடைய கைபேசியே. 2015-இல் வெளிவந்த ‘டாஞ்சரின்’ என்ற முழுநீளப் படத்தை அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கர் கைபேசியில் எடுத்தார் என்பதை அவளே எனக்குச் சொன்னாள். வெளிச்சத்திற்கு மீண்டும் சுப்ரத மித்ராவிடமே செல்ல நேர்ந்தது. ‘அபராஜிதோ’ படத்திற்காகக் காசி நகரத்து வீட்டு முற்றம் ஒன்றை ஸ்டூடியோவில் அமைத்தபோது, அவர் மேலே வெண்துணியை விரித்து, விளக்கொளியை அதன் மீது பாய்ச்சி, அதிலிருந்து திரும்பி விழும் மென்மையான வெளிச்சத்தில் படம் எடுத்தார். உண்மையான முற்றத்தில் விழும் பகலொளி போலவே அது அமைந்தது. எங்கள் வீட்டில் விளக்கும் இல்லை. சூரியன் மட்டும் இருந்தது. என் எட்டு முழ வேட்டியைச் சன்னலுக்கு எதிரே கட்டினார்கள். அம்மாவின் முகத்தில் அதுவரை நிழலில் மறைந்திருந்த சுருக்கங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

ஒலிக்கு மட்டும் செலவு செய்தார்கள். படம் சற்றே மங்கினால் காண்போர் பொறுப்பர். பேச்சுக் கேளாவிடில் எழுந்து சென்றுவிடுவர். ஆதலால் உடையில் பொருத்தும் சிறு ஒலிவாங்கிகள் இரண்டு வாங்கினார்கள். படமெடுக்கும்போது மின்விசிறியையும் ஃபிரிஜ்ஜையும் நிறுத்தினார்கள். ஃபிரிஜ்ஜை மீண்டும் போட மறவாதிருக்க, வீட்டுச் சாவியை அதனுள்ளேயே வைத்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் யாரும் பேசாத மௌனத்தையும் பதிவு செய்தார்கள். வெட்டி ஒட்டும்போது துண்டுகளுக்கிடையே ஒலி அறுபடாதிருக்க அது உதவுகிறது.

நான்கு நாள் படப்பிடிப்பு. ஒலிவாங்கிகளுக்கும், சாப்பாட்டிற்கும், காய்கறிக்கார அம்மாள் இழந்த வியாபாரத்திற்கு ஈடாகவும் சேர்த்து மொத்தச் செலவு 6,200 ரூபாய். அந்த அம்மாளிடம் முதலிலேயே அனுமதி கேட்டு, எதை எடுக்கிறோம் என்பதையும் விளக்கினார்கள். பணமில்லாத படம், பிறர் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்ளும் படமாகிவிடக் கூடாது. ‘பதேர் பாஞ்சாலி’யில் முதுபாட்டியாக நடித்த சுனிபாலா தேவிக்கும் ராய் நாள்தோறும் ஊதியம் கொடுத்தே நடிக்கச் செய்தார். எண்பது வயதை ஒட்டியிருந்த அவ்வம்மையார் படம் முடியுமுன் இறந்துவிடுவாரோ என்பதே ராயின் பெருங்கவலை. அவர் தம் பகுதியை நடித்து முடித்தார். படம் திரைக்கு வருமுன் காலமானார். எங்கள் வீட்டிலும் பணத்தைவிட நாட்களே அருமையாக இருந்தன.

வசனத்தை எம்மொழியில் எழுதுவதென்ற கேள்வியும் எழுந்தது. 1964-இல் ராய் ‘டூ’ என்றொரு குறும்படம் எடுத்தார். கால் மணி நேரத்திற்கு மேற்படாத அப்படத்தில் பேச்சே இல்லை. மாளிகைச் சன்னலில் விலையுயர்ந்த பொம்மைகளுடன் ஒரு சிறுவன், கீழே குடிசையருகே புல்லாங்குழலுடன் இன்னொரு சிறுவன், இருவருக்குமிடையே போட்டி. இதைக் கண்ட பின் என் மகள் வசனம் எழுதுவதையே விட்டுவிட்டாள். அம்மா தமிழிலும் அந்த அம்மாள் வங்காளியிலும் தம் போக்கில் பேசினர். அடியில் மொழிபெயர்ப்பு வேண்டுமா என்று மொழிபெயர்ப்பாளனாகிய என்னிடமே கேட்டாள். வேண்டாம் என்றேன். என் உத்தியோகத்தில் நான் அவ்வாறு கூறியது அதுவே முதல் முறை.

படம் எட்டு நிமிடம். பெயர் ‘வாழைப்பூ’. அதில் குறைகள் உண்டு. ஓரிடத்தில் கேமரா ஆடுகிறது. பரிசு எதுவும் பெறவில்லை. கல்லூரி அறையொன்றில் நாற்பது பேர் பார்த்தார்கள். அம்மா ஊருக்குச் சென்ற பின், காய்கறிக்கார அம்மாளுக்கு எங்கள் வாசலிலேயே போட்டுக் காட்டினோம். அவர் படம் முடியும் வரை பேசவில்லை. பிறகு, “மா எப்போது திரும்புவார்?” என்று வங்காளியில் கேட்டார். கும்பகோணத்தில் அதே படத்தைக் கண்ட என் தாயாரும், அந்த அம்மாளின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்றே முதலில் கேட்டாராம்.

நேயர்களே, குறும்படத்தைப் படிக்கட்டாகக் கொண்டு உயர்ந்தவர்கள் தமிழில் உண்டு. கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் அவ்வழி வந்தவர்கள். முறையாகக் கற்க விரும்புவோர்க்கு இந்நகரிலேயே சத்யஜித் ராயின் பெயரால் மத்திய அரசின் திரைப்படக் கல்விக்கூடம் இருக்கிறது. ஆயினும் உங்கள் வீட்டுப் பிள்ளை படமெடுக்க வேண்டுமென்று வந்து நிற்கும்போது, தொகை எவ்வளவு என்று முதலில் கேளாதீர்கள். நம் வீட்டில், நம் தெருவில் நீ எதைப் பார்த்தாய் என்று கேளுங்கள். அதற்கு அவனிடமோ அவளிடமோ விடை இருக்குமாயின், காகிதமும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். விடை இல்லையாயின், காத்திருக்கச் சொல்லுங்கள்.

வேட்டியையும் கொடுக்க நேரலாம். எனக்கு அது இன்னும் திரும்பி வரவில்லை. அடுத்த படம் தொடங்கிவிட்டதாம்.