கட்டுரை ஆசிரியரும் எழுதும் பொறியும்

(கல்லூரி ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரை)

அமெரிக்கப் பல்கலைக் கழகங்களுள் பெரும்பாலானவற்றில், எத்துறை மாணவராயினும் முதலாண்டில் கட்டுரைப் பயிற்சி வகுப்பு ஒன்றில் தேற வேண்டும் என்பது நெடுநாளைய வழக்கம். இவ்வகுப்புகளை நடத்துவோரில் பெரும் பகுதியினர் நிலையான பேராசிரியர்கள் அல்லர். ஒப்பந்த ஆசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களுமே ஆவர். 2022 நவம்பர் 30-ஆம் நாள் சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டிற்கு வந்தபோது, அதன் முதல் தாக்கத்தைத் தாங்க வேண்டியிருந்தவர்கள் இவர்களே. கேட்ட மாத்திரத்தில் பிழையற்ற கட்டுரையை எழுதித் தரும் பொறி ஒவ்வொரு மாணவர் கையிலும் இருக்கையில், கட்டுரை எழுதப் பணிப்பதன் பொருள் என்ன என்ற வினா அவர்கள் முன் எழுந்தது.

நிர்வாகங்களுக்கு முதலில் தோன்றிய வழி, கண்டுபிடிக்கும் மென்பொருளை விலை கொடுத்து வாங்குவதாகும். இதன் பயனைப் புள்ளிவிவரங்களே உரைக்கின்றன. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறி கருவி, பொறி எழுதியவற்றுள் நூற்றுக்கு 26-ஐ மட்டுமே சரியாக இனங்கண்டது. அவ்வாண்டு ஜூலையிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. வாண்டர்பில்ட் பல்கலைக் கழகம் 2022-இல் டர்னிடின் மென்பொருளுக்கு அனுப்பிய கட்டுரைகள் 75,000. தவறு நூற்றுக்கு ஒன்றே என்ற விற்பனையாளர் கூற்றை ஏற்றாலும், ஏறத்தாழ 750 கட்டுரைகள்மீது பொய்ப்பழி விழும் என்று அப்பல்கலைக் கழகம் கணக்கிட்டது. 2023 ஆகஸ்டில் அம்மென்பொருளின் கண்டறியும் பகுதியை நிறுத்திவிட்டது.

இந்திய ஆசிரியர்கள் இதனினும் கூர்ந்து நோக்க வேண்டியது ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட முடிவாகும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகள், ஏழு கண்டறி மென்பொருள்களிடம் கொடுக்கப்பட்டன. சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை பொறி எழுதியவை என்று அவை தீர்ப்பளித்தன. கற்றுக்கொண்ட மொழியில் எழுதுவோர் எளிய, எதிர்பார்க்கத்தக்க சொற்களையே கையாள்கின்றனர். மென்பொருள் அதனையே பொறியின் அடையாளமாகக் கொள்கிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்து, தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் நேர்மையாக எழுதும் மாணவரே முதலில் குற்றவாளியாவார்.

நம் நாட்டு விதிமுறைகளும் இச்சிக்கலைத் தீர்க்கப் போதா. பல்கலைக் கழக மானியக் குழு 2018-இல் வகுத்த ஒழுங்குமுறை, பிற நூல்களோடு உள்ள ஒப்புமையை அளவுகோலாகக் கொண்டது. ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் கடுந்தண்டனை என்று படிநிலைகள் உண்டு. பொறி தரும் கட்டுரையோ பெரும்பாலும் எந்த நூலோடும் சொல்லுக்குச் சொல் ஒத்திராது. திருடனைப் பிடிக்க வைத்த வலையில் இந்த மீன் சிக்குவதில்லை எனலாம்.

பொருளியல் நோக்கில் பார்த்தால், கட்டுரைப் பயிற்சியில் அருகிய வளம் மென்பொருள் அன்று, ஆசிரியரின் நேரமே. அமெரிக்காவில் இவ்வாசிரியர்களின் அமைப்பான கல்லூரிக் கட்டுரைப் பயிற்சி மற்றும் தொடர்பியல் மாநாடு, வகுப்புக்கு 20 மாணவருக்கு மேல் கூடாது என்றும், ஆசிரியர் ஒருவருக்குப் பருவத்தில் 60 மாணவருக்கு மேல் கூடாது என்றும் வரையறுத்துள்ளது. அந்த 60 பேர் ஆளுக்கு நான்கு கட்டுரைகளை இரண்டு வரைவுகளாக எழுதி, ஒவ்வொன்றையும் திருத்த 20 நிமிடம் ஆவதாகக் கொண்டால், திருத்தத்திற்கு மட்டும் 160 மணி நேரம் வேண்டும். இந்தியக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே மொழி வகுப்பில் அத்தனை பேர் அமர்ந்திருக்கின்றனர்.

ஆகவே ஆசிரியருக்குத் தேவைப்படும் உதவி வேறு வகையானது. 2023 ஜூலையில் நவீன மொழிச் சங்கமும் மேற்கண்ட மாநாடும் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, முடிந்த கட்டுரையைவிட அது உருவாகும் முறைக்கு முதன்மை தர வேண்டும் என்றும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் வற்புறுத்தியது. அதே ஆண்டில், ஆசிரியர்கள் தம் வகுப்பில் நடத்திப் பார்த்த பயிற்சிகளைத் திரட்டி ‘டெக்ஸ்ட்ஜென்எட்’ என்ற இலவசத் தொகுப்பும் வெளிவந்தது. மேலிருந்து வந்த சுற்றறிக்கைகளைவிட இத்தகைய தொகுப்பே வகுப்பறைக்குப் பெரிதும் பயன்படும்.

இந்திய வகுப்பறைக்கு ஏற்ற பயிற்சி ஒன்றைக் கருதலாம். மாணவர்கள் தங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு காய்கறியின் விலை ஏறி இறங்கிய காரணம் பற்றி, வகுப்பிலேயே கால் மணி நேரம் கையால் எழுதுகின்றனர். பின்னர் அதனைப் பொறியிடம் கொடுத்து மறுப்புகளைக் கேட்கின்றனர். அந்தச் சந்தைக்கு அன்று எத்தனை வண்டிச் சரக்கு வந்தது என்பது பொறிக்குத் தெரியாது. ஆயினும் தெரிந்ததுபோல் பேசும், சில வேளை இல்லாத நூலையும் சான்று காட்டும். எந்த மறுப்பை ஏற்றார், எதனைத் தள்ளினார், ஏன் என்பதை ஒரு பக்கக் குறிப்பாக மாணவர் எழுதித் தருகிறார். மதிப்பெண்ணில் பாதி அக்குறிப்புக்கே.

அக்குறிப்பையும் பொறியே எழுதித் தராதா என்று கேட்கலாம். தரும். அதனால்தான் ஆளுக்கு ஐந்து நிமிட நேருரையாடல் வேண்டும். 60 பேருக்கு அது ஐந்து மணி நேரம்; 160 மணியோடு ஒப்பிட்டால் சிறு செலவே. தாம் சிந்தித்து எழுதியதை விளக்கிச் சொல்ல எவருக்கும் ஐந்து நிமிடம் போதும். சிந்திக்காததை விளக்க ஒரு மணியும் போதாது.

தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 2022 டிசம்பரில் வெளியான இளநிலைப் பாடத்திட்ட வரையறை, மொழித் திறன் வளர்க்கும் பாடங்களுக்குக் குறைந்தது 8 மதிப்பலகுகளை ஒதுக்கியது. 2023-இல் மாளவியா ஆசிரியர் பயிற்சி இயக்கமும் தொடங்கப்பட்டது. வகுப்பும் உண்டு, பயிற்சி நிலையமும் உண்டு. தடை வேறோரிடத்தில் இருக்கிறது. மொழிப் பாடங்களை நடத்துவோரில் பலர் விருந்தினர் ஆசிரியர்கள். பல்கலைக் கழக மானியக் குழு 2019-இல் அவர்களுக்கு நிர்ணயித்த மதிப்பூதியம், விரிவுரை ஒன்றுக்கு 1,500 ரூபாய், மாதத்திற்கு உச்ச அளவு 50,000 ரூபாய் என்பது. விரிவுரைக் கணக்கில் ஊதியம் பெறுபவருக்குப் பயிற்சியில் கழியும் நாள் ஊதியம் இழக்கும் நாளாகிவிடக்கூடும். 60 மாணவரோடு நேருரையாடும் ஐந்து மணி நேரமும் விரிவுரைக் கணக்கில் சேர்வது அரிது. கண்டறி மென்பொருளின் ஆண்டுச் சந்தாவுக்கு ஒதுக்கும் தொகையைக் கல்லூரிகள் முதலில் இவ்விரண்டுக்கும் திருப்பிவிடலாம்.