சமயப் பணியும் சொற்றேர்வும்: மதுரையிலிருந்து லுக்குட் வரை



இன்றைய பொழிவுக்கான பொருளை எனக்குத் தந்தவர் ஓர் இளைஞர். சில மாதங்களுக்கு முன் அவர் என்னைக் காண வந்தார். கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பட்டப்படிப்பு முடிந்ததும், வேலை தேடுவதைச் சிறிது காலம் தள்ளி வைத்துவிட்டு, கோலாலம்பூரில் கல்லூரி மாணவர்களிடையே சமயப் பணி ஆற்றி வருகிறார். காலையில் செபம், பிறகு கல்லூரி வளாகத்து உணவுக்கடையில் மாணவர்களோடு அமர்ந்து பேசுதல், மாலையில் ஏழெட்டுப் பேர் கூடி விவிலியம் வாசித்தல், இரவில், முதன்முறையாக வீட்டைப் பிரிந்து நகரத்துக்கு வந்த மாணவர்களின் மனக்குறைகளைக் கேட்டல். இதுவே அவருடைய அன்றாடம். அவருடைய பாட்டியார் லுக்குட்டுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர்.

அந்த இளைஞரின் குறை ஒரு சொல்லைப் பற்றியது. “ஐயா, ஆங்கிலத்தில் பேசும்போது எனக்குத் தடையில்லை. ஆனால் தோட்டப்புறத்திலிருந்து வரும் மாணவர்கள் மனம் கலங்கும்போது தமிழில்தான் பேசுகிறார்கள். அப்போது எனக்குச் சொல் கிடைப்பதில்லை. பாட்டி ‘பூசை’ என்பார். கோயில் புத்தகத்தில் ‘திருப்பலி’ என்றிருக்கிறது. நண்பர்கள் ‘மாஸ்’ என்கிறார்கள். நான் ‘பூசை’ என்றபோது, அது இந்துக்களின் சொல் அல்லவா என்று ஒரு மாணவர் கேட்டுவிட்டார். எது சரியான சொல்?” என்று கேட்டார்.

நான் உடனே விடை கூறவில்லை. நான் மொழியியல் மாணவன். இறையியல் என் துறையன்று. ஆயினும் இதே கேள்வியை நானூறு ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இதே வயதில் எதிர்கொண்ட ஒருவரை நான் அறிவேன். அவரும் ஒரு நகரத்தில், மாணவர்கள் நிறைந்த சூழலில் பணியாற்றியவர். அவரைப் பற்றியும், அவர் தெரிந்தெடுத்த சொற்கள் இந்தத் தோட்டங்கள் வரை வந்து சேர்ந்ததைப் பற்றியும் இன்று பேச விழைகிறேன்.

இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி 1577ஆம் ஆண்டில் பிறந்தவர். இயேசு சபைத் துறவி. 1605இல் கோவா வந்து, முத்துக்குளித்துறையில் சில மாதங்கள் தங்கித் தமிழ் பயின்று, 1606ஆம் ஆண்டின் இறுதியில் மதுரையை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 29. அன்றைய மதுரை நாயக்கர் ஆட்சியின் தலைநகர், கல்வி நகரமும்கூட. அங்கே 10,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் பல ஆசிரியர்களிடம் பயில்கின்றனர் என்று 1610இல் எழுதிய மடலில் அவரே குறிப்பிடுகிறார். அந்த எண்ணிக்கையை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எனினும், தாம் வாழ்வது ஒரு பெரிய கல்விச்சாலைக்குள் என்ற உணர்வு அவருக்கு இருந்தது என்பது தெளிவு.

அவருக்கு முன்பே, 1595 முதல், கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துகீசியத் துறவி மதுரையில் இருந்தார். முன்னர்ப் படைவீரராக இருந்தவர். பள்ளிக்கூடம் நடத்தினார், நோயாளர்களுக்கு மருந்தும் தந்தார். மக்கள் அவரை மதித்தார்கள். ஆனால் பதினொரு ஆண்டுகளில் மதுரை மக்களில் ஒருவரும் அவருடைய சமயத்தைத் தழுவவில்லை. ஏன்?

விடையின் ஒரு பகுதி மொழியில் இருக்கிறது. சமயத்தில் சேர வருவோரிடம், பறங்கிக் குலத்தில் புக விரும்புகிறாயா என்ற பொருள்படக் கேட்பது அன்றைய வழக்கம். ‘பறங்கி’ என்பது ‘பிராங்கு’ என்ற இனப்பெயர் அரபு, பாரசீக மொழிகளின் வழியாக நம்மிடம் வந்த வடிவம். பினாங்கில் ‘பத்து பெரிங்கி’ என்னும் கடற்கரைப் பெயரிலும் இச்சொல் உள்ளது. போர்த்துகீசியர் அதைக் ‘கிறிஸ்தவர்’ என்ற பொருளில் வழங்கியதாக எண்ணிக்கொண்டனர். மதுரை மக்களின் காதில் அது விழுந்த விதம் வேறு. மாட்டிறைச்சி உண்டு, மது அருந்தி, கப்பலில் வந்திறங்கிய ஓர் அயல் கூட்டத்தை அது சுட்டியது. ‘குலம்’ என்ற சொல் இடரை இரட்டிப்பாக்கியது. சமயத்தைப் பற்றிய அழைப்பு, பெற்றோரையும் உற்றாரையும் துறந்து அயலார் சாதியில் சேர வா என்ற அழைப்பாகக் கேட்டது. பதினொரு ஆண்டு உழைப்பின் முன் இரண்டு சொற்கள் கதவடைத்து நின்றன.

நொபிலி இதனை உணர்ந்தார். தனிக் குடிசையில் குடியேறினார். காவியுடை உடுத்தினார். நாளுக்கு ஒரு வேளை மட்டும், சோறு, பால், காய்கறி என உண்டார். காண வருவோரிடம், ஐயர் தியானத்தில் இருக்கிறார் என்று சீடர் கூறி அனுப்பிய நாள்களும் உண்டு. இந்த வெளிக்கோலத்தைப் பற்றியே பலரும் எழுதியுள்ளனர். மொழியியலாளன் என்ற முறையில் நான் போற்றுவது அந்தக் குடிசைக்குள் நடந்த படிப்பை. தமிழோடு தெலுங்கையும் கற்றார். சிவதருமர் என்னும் தெலுங்கு அந்தணரிடம் வடமொழி பயின்றார். ஓலையில் எழுதப் பழகினார். பெர்னாண்டஸின் பள்ளியில் கற்பித்த சைவ ஆசிரியர் ஒருவரோடு இருபது நாள்கள் தொடர்ந்து உரையாடினார். பதி, பசு, பாசம் என்னும் சைவக் கருத்துகளை அந்த ஆசிரியர் எடுத்துரைக்க, நொபிலி கேட்டார், மறுத்தார், வினவினார். அந்த உரையாடலின் முடிவில் ஆசிரியர் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் நொபிலியும் அதிலிருந்து ஒன்றைப் பெற்றார் என்பேன். கடவுள், உயிர், வீடுபேறு ஆகியவை பற்றி நுட்பமாகப் பேசத்தக்க சொற்கள் இம்மொழியில் ஏற்கெனவே உள்ளன என்ற அறிவே அது.

அவருக்கு முன்னோர் வழி வேறு. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்க நூலைத் தமிழாக்கிய அண்டிரிக் அடிகளார் தமிழை ஆழ்ந்து கற்றவர்; தமிழுக்கு இலக்கணமும் எழுதியவர். ஆயினும் அக்காலக் கடற்கரைக் கிறிஸ்தவத் தமிழில் போர்த்துகீசியச் சொற்கள் மிகுதி. நொபிலியோ கோயில், குரு, வேதம், பூசை, அருள், பிரசாதம் போன்ற, மக்கள் நாவில் பழகிய சொற்களை எடுத்துப் புதுப்பொருளில் ஆண்டார். சக துறவியரிடமிருந்தே குற்றச்சாட்டுகள் எழுந்தன. 1619இல் கோவாவில் அவருடைய வழிமுறை விசாரிக்கப்பட்டது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அதற்கு இசைவளித்தார்.

இங்கே ஓர் உண்மையை மறைக்கலாகாது. நொபிலியின் குடிசை எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. உயர்குலத்தார் என்று தம்மைக் கருதியோரை அணுகுவதற்காக, ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து அவர் விலகி வாழ்ந்தார். சமூகத்தின் சொல்லை ஏற்றபோது, சமூகத்தின் தீண்டாமையையும் சேர்த்து ஏற்றார். பின்னர், 1640 முதல், பால்தசார் தா கோஸ்தா போன்றோர் பண்டாரசாமிகளாக உழைக்கும் மக்களிடம் சென்றனர். நொபிலியின் மொழியறிவைப் போற்றும் நாம் இந்தக் குறையையும் கூறியாக வேண்டும். லுக்குட்டில் நின்று பேசும் எனக்கு அந்தக் கடமை கூடுதல். தமிழகத்திலிருந்து இத்தோட்டங்களுக்கு வந்த மக்களுள் மிகப் பலர், அந்தக் குடிசையின் வாசலில் நின்றிருந்தால் உள்ளே அழைக்கப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் சொற்களின் வரலாறு மனிதர் போட்ட வேலிக்குள் நிற்பதில்லை. குடிசைக்குள் தெரிந்தெடுக்கப்பட்ட சொற்கள் பண்டாரசாமிகளின் வழியாகவும் உபதேசியார்களின் வழியாகவும் வயலுக்கும் சேரிக்கும் சென்றன. அங்கிருந்து கப்பலேறி மலாயாவின் லயங்களுக்கு வந்தன. குருவானவர் எப்போதோ ஒரு முறை வந்துபோகும் தோட்டத்தில், விடியற்காலைப் பெரட்டுக்கு முன்பும் அந்தி விளக்கேற்றிய பின்பும் செபம் சொன்னவர்கள் நம் பாட்டிமார். ‘பூசை’ என்ற சொல்லை இந்த மண்ணில் உயிரோடு காத்தவர்கள் அவர்கள். நொபிலி அச்சொல்லைத் தேர்ந்தார்; உரிமை அவர்களுடையது.

இனி, அது இந்துக்களின் சொல் அல்லவா என்ற அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். அதற்கு விடையை நம் அன்றாட மலேசிய வாழ்க்கையே தருகிறது. மலாய்மொழியில் ஆசிரியரைக் ‘குரு’ என்கிறோம். அது வடமொழியிலிருந்து வந்தது. இந்துக் கோயிலைக் குறிக்கும் ‘கூயில்’ என்ற மலாய்ச் சொல் நம் ‘கோயில்’. போற்றுதல் என்ற பொருளில் மலாயில் வழங்கும் ‘பூஜா’ என்பது ‘பூசை’யின் உடன்பிறப்பு. மாதா கோயிலுக்கு மலாயில் ‘கெரேஜா’ என்கிறார்கள். அது போர்த்துகீசிய ‘இக்ரேஜா’. அதாவது, தமிழ் கைவிட்ட போர்த்துகீசியச் சொல்லை மலாய் வைத்துக்கொண்டது. தமிழோ ‘கோயில்’ என்ற தன் சொல்லையே ஆண்டது. ‘சிலுவை’ சிரியாக் மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. அதே செமித்திய வேரிலிருந்து அரபு வழியாக வந்தது மலாய் ‘சாலிப்’. ‘குருசு’ என்பது போர்த்துகீசியம். ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள், இரண்டு கடல்வழிகள்! இவற்றுள் எந்தச் சொல்லுக்கு ஒரு சமயம் மட்டும் பட்டா வாங்க முடியும்? சொல்லின் பிறப்பிடம் ஒன்று. அதன் வாழ்விடம் வேறு. பொருளைத் தீர்மானிப்பது வாழ்விடமே.

‘திருப்பலி’ என்ற சொல்லுக்கும் நியாயம் உண்டு. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் வழிபாடு மக்கள் மொழிக்கு வந்தது. அந்த மாற்றமும் தமிழகத்தில் ஓங்கிய தனித்தமிழ் உணர்வும் சேர்ந்து, ஞானஸ்நானம் ‘திருமுழுக்கு’ ஆயிற்று. சுவிசேஷம் ‘நற்செய்தி’ ஆயிற்று. 1995இல் ‘திருவிவிலியம்’ என்ற பெயரில் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. இவை அழகிய ஆக்கங்கள். நூலிலும் சடங்கிலும் அவற்றுக்குரிய இடம் உண்டு.

இவ்விடத்தில் நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரை நினைவுகூர்தல் கடன். யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகளார் 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையில் பணியாற்றினார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்ததற்கு முதன்மைக் காரணர் அவரே. அவரும் ஒரு கத்தோலிக்கக் குரு. பல்கலைக்கழக வளாகமே அவருடைய பணிக்களம். மதுரை மறைப்பணியைச் சேர்ந்த அந்தாம் தெ புரோயென்சா தொகுத்து, 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ் – போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966இல் கோலாலம்பூரிலேயே மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தவர் அவர். அந்த அகராதியின் தனிச்சிறப்பு, பதினேழாம் நூற்றாண்டு மக்களின் பேச்சுவழக்கை அது பதிவு செய்திருப்பது. சமயப் பணியாளர் ஒருவர் மக்கள் பேசுவதைக் கேட்டு எழுதி வைத்தமையால்தான் நமக்கு அந்தச் சொற்கள் கிடைத்தன. செவி முந்தியது, நா பின்வந்தது.

இன்று நம் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்களில் கேட்ட சொற்களைத் தொகுக்க இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. கத்தோலிக்கர் வீட்டுச் செபச் சொற்களும், மாரியம்மன் திருவிழாச் சொற்களும், பெரட்டுக் களத்துச் சொற்களும் ஒரே தொகுப்பில் இடம்பெற வேண்டியவை. முதியவர் ஒருவர் மறையும்போது அகராதியில் ஏறாத சொற்களும் அவரோடு மறைகின்றன. மாணவர்களே, இப்பணிக்கு முனைவர் பட்டம் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், விடுமுறையில் பாட்டியோடு உட்காரும் பொறுமையும் போதும்.

அந்த இளைஞருக்கு நான் கூறிய விடையோடு முடிக்கிறேன். “தம்பி, புத்தகத்தை வாசிக்கும்போது ‘திருப்பலி’ என்று வாசியுங்கள். நண்பர்களிடையே ‘மாஸ்’ என்றால் உலகம் அழிந்துவிடாது. ஆனால் நள்ளிரவில் ஒரு மாணவர் மனம் உடைந்து தமிழில் பேசும்போது, முதலில் அவருடைய சொல் என்ன என்று கேளுங்கள். அவருடைய வீட்டில் எந்தச் சொல்லால் செபித்தார்களோ, அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் 29 வயது இளைஞர் ஒருவர் கற்றது இதுதான். அவர் கதவைச் சிலருக்கு மட்டுமே திறந்தார், நீங்கள் எல்லாருக்கும் திறந்து வையுங்கள்” என்றேன்.

அவர் அடுத்த வாரமே லுக்குட் வந்து, பாட்டியாரின் செபங்களை எழுதத் தொடங்கியிருக்கிறார். முதல் நாளிலேயே தமக்குத் தெரியாத பதினான்கு சொற்கள் கிடைத்தனவாம். அந்தப் பட்டியலை எனக்கும் அனுப்பியிருந்தார். அவற்றுள் மூன்று எனக்கும் புதியவை.