வற்புறுத்திப் பரிமாறாதீங்க!
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



உடல் பருமனுக்காக இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு ஒரு உறுப்பினர் குழுவுக்குத் திரும்பி வந்தால் நாம என்ன செய்யறோம்? "என்னக்கா இப்படி இளைச்சிட்டீங்க, இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கங்க"ன்னு இலையில் வைக்கிறோம். அன்புதான். ஆனா அவருக்கு அது வாந்தியில் முடியும். இப்போது அவர் இரைப்பை சின்னக் கிண்ணம் அளவுதான். முட்டை, மீன், பருப்பை முதலில் நன்றாக மென்று சாப்பிட வேண்டும், சோறு பிறகுதான். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரைமணி கழித்துக் குடிக்கலாம். பாயசம் சிலருக்குப் படபடப்பும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும்.

மூன்றாம் மாதவாக்கில் முடி கொட்டும். "ஆபரேஷன் கெட்டுப்போச்சு"ன்னு ஊர் பேசும். பேசட்டும்! பெரும்பாலும் சில மாதங்களில் திரும்ப வளர்ந்துவிடும். டாக்டர் எழுதிய சத்து மாத்திரைகளை மட்டும் நாமாக நிறுத்தக் கூடாது.

மாமியார்களும் கேளுங்க. 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் தள்ளிப்போட வேண்டும். எடை குறைந்தால் கரு சீக்கிரம் தங்கும். அதனால் கருத்தடை முறையை டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். "விசேஷம் உண்டா"ன்னு நாமும் கேட்க வேண்டாம்.

வாந்தி நிற்காவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். வண்டிக்குப் பணமில்லையென்றால் குழுவிலேயே உள்கடன் கொடுப்போம்.