கணினியில் எண்ணும் எழுத்தும்



‘புதுக்கோட்டை’ என்னும் பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன? தொடக்கப் பள்ளிச் சிறுவனைக் கேட்டாலும், பு, து, க், கோ, ட், டை என விரல்விட்டு எண்ணி, ஆறு என்று விடை பகர்வான். அவன் விடை சரியே. ஆனால் இதே வினாவைக் கணினியிடம் கேட்டால், அது ஒருமுறை பன்னிரண்டு என்கிறது; மற்றொருமுறை முப்பத்தாறு என்கிறது. வியப்பு யாதெனில், மூன்று விடைகளும் தத்தம் அளவில் மெய்யே. எந்த விடை எவ்விடத்தில் மெய் என்பதை அறியாமையால் விளையும் இடர்களையும், அவற்றைக் களையும் வழிகளையும் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

நான் கணினியோடு வளர்ந்தவன் அல்லன். கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமே என் கருவிகள். ஓய்வு பெற்ற பின்னர், பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலைக் கையிலெடுத்து, உங்களைப் போல நானும் சி பிளஸ் பிளஸ் மொழியின் அரிச்சுவடியைக் கற்றேன். அக்கல்வி வீண்போகவில்லை என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

எங்கள் சிற்றூரில் பழைய மாணவர்கள் கூடி, பத்தாம் வகுப்பில் மிகுந்த மதிப்பெண் பெறும் ஒருவருக்கு ஆண்டுதோறும் படிப்புதவித் தொகை வழங்குகின்றனர். விண்ணப்பங்களைப் பட்டியலிடும் பணியை, என்னிடம் பயின்று இப்போது பொறியியற் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவி ஏற்றாள். ஒரு மாலைப்பொழுதில் அச்சிட்ட தாள்களோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். “ஐயா, நிரல் பிழையின்றி ஓடுகிறது; ஆனால் பட்டியல்தான் சரியாக வரவில்லை” என்றாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். 487 மதிப்பெண் பெற்றவனுக்கும் 485 பெற்றவளுக்கும் சராசரி 97 என்றே இருந்தது. முதலிடம் ஒருவருக்கே உரியது. பட்டியலோ இருவரையும் சமமாக்கிவிட்டது. 0417 என்ற பதிவெண் 417 ஆகியிருந்தது. ஊர்ப்பெயர்கள் சில இறுதியில் சிதைந்திருந்தன. பத்திகள் கோணலாக நின்றன. “அம்மா, இவை நான்கு நோய்கள் அல்ல, ஒரே நோயின் நான்கு அறிகுறிகள்” என்றேன். அந்நோயின் பெயர், இனமறியாமை.

கணினியின் நினைவகத்தில் இருப்பவை சுழியும் ஒன்றும் மட்டுமே. அவற்றை எண்ணாகப் படிப்பதா, எழுத்தாகப் படிப்பதா என்பதை முடிவு செய்வது தரவினம். இது நமக்குப் புதிய செய்தி அன்று. நம் மாவட்டத்துச் சித்தன்னவாசலில், சமண முனிவரின் கற்படுக்கை அருகே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பழந்தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு மெய்யெழுத்தின் வடிவை எவ்வாறு படிப்பது என்பது எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருக்கவில்லை. ஒரு முறைப்படி வெற்றுக் குறி தனி மெய். அதனோடு சேர்ந்த சிறு கோடு அகரமாகவும் ஆகாரமாகவும் நிற்கும். மற்றொரு முறைப்படி அக்கோடு ஆகாரம் மட்டுமே. வெற்றுக் குறியோ மெய்யாகவும் அகரமேறியதாகவும் நிற்கும். பின்னரே புள்ளி வந்து மயக்கத்தைத் தீர்த்தது. இம்முறைகளைப் பிரித்துக் காட்டியவர் ஐராவதம் மகாதேவன். அவரது பெருநூல் 2003இல் வெளிவந்தது. கல்லில் உள்ள கீறல் மாறவில்லை. படிக்கும் முறை மாறினால் சொல் மாறுகிறது. கணினியிலும் அப்படியே.

இனி, மாணவியின் நிரலுக்கு வருவோம். முதற்பிழை சராசரி. அவள் மொத்த மதிப்பெண்ணை முழு எண்ணாக வைத்திருந்தாள். அதனை ஐந்தால் வகுத்தாள். அந்த ஐந்தும் முழு எண்ணே. சி பிளஸ் பிளஸ் மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஈவும் முழு எண்ணே, பின்னம் உதிர்ந்துவிடும். ஆகவே 97.4 என்பது 97 ஆயிற்று. “விடையைப் பதின்மப் புள்ளி ஏற்கும் மாறியில்தானே ஐயா வைத்தேன்?” என்று கேட்டாள். வைத்தாள், உண்மை. ஆனால் நெல் அளக்கும்போதே சிந்திவிட்டால், பிறகு பெரிய குதிரில் கொட்டுவதனால் பயன் என்ன? வகுத்த பின்பன்று, வகுக்கும் முன்பே இனத்தை மாற்றவேண்டும். ஐந்து என்பதை 5.0 என்று எழுதியவுடன் 97.4 வந்தது, முதலிடம் யாருக்கென்பதும் தெளிவாயிற்று.

இரண்டாம் பிழை பதிவெண். எண் என்று பெயர் பெற்றதெல்லாம் எண் ஆகிவிடாது. எதனைக் கூட்டவும் பெருக்கவும் போகிறோமோ அதுவே எண். பதிவெண்ணையும் தொலைபேசி எண்ணையும் யாரும் கூட்டுவதில்லை, அவை பெயர்கள். ஆகவே அவற்றை எழுத்துச் சரமாகவே வைக்கவேண்டும். எண்ணாக உள்ளிட்டால் முன்நிற்கும் சுழி மறையும். அது மட்டுமன்று, நிரலுக்குள்ளேயே 0417 என்று எண்ணாக எழுதினால், முன்சுழி கண்டவுடன் அம்மொழி அதனை எட்டடிமான எண்ணாகக் கொள்ளும். அப்போது அதன் மதிப்பு 271 ஆகும். ஒரு மாணவனின் பதிவெண் மற்றொருவனுடையதாக மாறிவிடும் அன்றோ?

இனப்பிழையைச் சிறு பிழை என்று எண்ணவேண்டா. 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், ஐரோப்பியரின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதற் பயணத்தில் புறப்பட்டு நாற்பது விநாடிக்குள் சிதறியது. 64 பிட் அகலமுள்ள பதின்மப் புள்ளி எண் ஒன்றை, 16 பிட் முழு எண்ணாக மாற்ற முற்பட்டதே காரணம். அச்சிறு கலம் 32,767 வரையில்தான் கொள்ளும். வந்த மதிப்போ அதனை விஞ்சியது. அப்பகுதி நிரல் முந்தைய ஏரியன் 4 ராக்கெட்டில் குறையின்றி இயங்கியதே. புதிய ராக்கெட்டின் வேகம் வேறாயிருந்ததை யாரும் கருதவில்லை.

மூன்றாம் பிழை ஊர்ப்பெயர். இங்கேதான் முதலில் கேட்ட வினா திரும்ப வருகிறது. 1991இல் வெளிவந்த யூனிகோடு முறையில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் இல்லை. ‘பு’ என்பது பகரமும் உகரக்குறியுமாக இரண்டு. ‘க்’ என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு. இவ்வாறு புதுக்கோட்டையின் ஆறு எழுத்துகளுக்குப் பன்னிரண்டு குறிகள். யூடிஎஃப்-8 என்னும் முறையில் சேமிக்கும்போது, ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். பன்னிரு மூன்று முப்பத்தாறு. அம்மொழியில் எழுத்துச் சரத்தின் நீளத்தைக் கேட்டால் கிடைப்பது பைட்டுக் கணக்கு.

மாணவி பத்தியைச் சுருக்கக் கருதி, பெயரை இருபதோடு நிறுத்தச் சொல்லியிருந்தாள். இருபது எழுத்து என்பது அவள் எண்ணம். இருபது பைட் என்பது கணினியின் பொருள். பதினெட்டுப் பைட்டில் ‘புதுக்’ முடிந்தது. எஞ்சிய இரண்டு பைட்டில் அடுத்த குறி பாதியில் அறுபட்டுச் சிதைந்தது. நான் பணியிலிருந்த நாளில், இவ்வாறே பெயரின் இறுதி அறுபட்ட சான்றிதழ் ஒன்று ஓர் அலுவலகத்திலிருந்து எங்கள் மாணவி ஒருத்திக்கு வந்தது. அதைத் திருத்த அவள் தந்தை கூலி வேலையை விட்டுவிட்டு மூன்று நாள் பேருந்தேறி அலைந்தார். பெற்றோர் ஆசையோடு இட்ட பெயரை அறுக்கும் உரிமை எந்த நிரலுக்கு உண்டு?

பத்திகள் கோணியதும் இதனாலேயே. திருமயம், இலுப்பூர் இரண்டும் ஐந்தெழுத்துப் பெயர்களே. ஆனால் முன்னது 24 பைட்; பின்னது 27 பைட். நாற்பது அகலத்திற்கு இடைவெளி இட்டு நிரப்பச் சொன்னால், ஒன்றுக்குப் பதினாறும் மற்றொன்றுக்குப் பதின்மூன்றும் இடைவெளி விழும். அடுத்த பத்தி நேராக நிற்பது எங்ஙனம்?

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. புதுக்கோட்டை என்று தேடியபோது ஒன்பது விண்ணப்பங்களுள் ஏழே அகப்பட்டன. கண்ணுக்கு ஒன்பதும் ஒன்றே. ஆயின் ‘கோ’ என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம். ஏகாரக் குறியும் காலும் என இரண்டாகவும் இடலாம். ஒன்று 36 பைட். மற்றது 39 பைட். தோற்றம் ஒன்று, சேமிப்பு வேறு. ஒப்பிடுமுன் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவுக்குக் கொணர்தல் வேண்டும். இதற்கு யூனிகோடே விதி வகுத்துள்ளது.

அடுத்து, வார்ப்புரு. நம் சமஸ்தானத்து அம்மன் காசை அருங்காட்சியகத்தில் கண்டிருப்பீர்கள். ஒருபுறம் பிரகதாம்பாள் உருவம். மறுபுறம் ‘விஜய’ என்னும் தெலுங்கு எழுத்து. அது செப்புக்காசு. அதே அச்சில் வெள்ளியை வைத்து அடித்திருந்தால் வெள்ளிக்காசு வந்திருக்கும்; மரத்துண்டை வைத்தால் பிளந்துபோகும். சி பிளஸ் பிளஸ் மொழியின் வார்ப்புருவும் அத்தகையதே. ‘இரண்டில் பெரியதைத் தா’ என்னும் செயற்கூற்றை ஒருமுறை எழுதினால், முழு எண், பதின்ம எண், எழுத்துச் சரம் என ஒவ்வோர் இனத்திற்கும் நிரல்பெயர்ப்பி தானே படி எடுத்துக்கொள்ளும். மாணவி அதில் ‘மாணவர்’ என்று தான் வகுத்த புதிய இனத்தை இட்டாள். உடனே நாற்பது வரிக்குப் பிழைச்செய்தி எழுந்தது, அவள் அஞ்சிவிட்டாள். அந்நாற்பது வரியும் சொன்னது ஒன்றே: ‘இரு மாணவரில் யார் பெரியவர் என்று எனக்குச் சொல்லப்படவில்லை.’ மதிப்பெண்ணைக் கொண்டு ஒப்பிடுக என்று விதி தந்ததும் செய்தி அனைத்தும் மறைந்தது. 2020ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து, அச்சில் எத்தகைய இனத்தை வைக்கலாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கவும் அம்மொழியில் வழியுண்டு.

இறுதியில், அகலத்தை இடைவெளியால் நிரப்பும் முறையைக் கைவிட்டோம். தமிழெழுத்துகள் அகலத்திலும் ஒன்றுபோல் இரா. ‘ர’வும் ‘ணை’யும் ஓரிடம் கொள்வதில்லை. ஆகவே புலங்களுக்கிடையே தத்தற்குறி மட்டும் இட்டு, கோடிட்ட அட்டவணையில் அவற்றை அமர்த்தினோம். எந்தப் பெயரையும் அறுக்கவில்லை. பட்டியல் செம்மையாக வந்தது.

மாணவர்களே, பிழை தேடும்போது நான்கு நெறிகளைக் கைக்கொள்ளுங்கள். பிழைச்செய்தி பலவாயினும் முதற்செய்தியை முதலிற் படியுங்கள். பின்னவை பெரும்பாலும் அதன் நிழல்களே. நிரல் முழுவதையும் கலைக்காமல், பிழை தோன்றும் மிகச் சிறிய பகுதியைத் தனியே எடுத்து ஓட்டுங்கள். ஒவ்வொரு மதிப்பும் எந்த இனம், எங்கே மாறுகிறது என்று வினவுங்கள். நான்காவதாக, ஆங்கிலப் பெயரை மட்டும் இட்டுச் சோதிக்காமல், தமிழ்ப் பெயரையும் சுழியில் தொடங்கும் எண்ணையும் இட்டுப் பாருங்கள்.

நிரல்பெயர்ப்பி இலக்கணப் பிழையைச் சொல்லும், 97.4ஐ 97 என்று எழுதினால் ஒரு பிள்ளைக்கு நேரும் இழப்பை அது சொல்லாது. அதனை அறிய வேண்டியவர் நீங்களே. உங்கள் நிரலில் ஓடும் ஒவ்வொரு வரிசையும் எங்கோ ஒரு வீட்டுப் பிள்ளையின் பெயர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அந்தப் பெயர் முழுமையாக, பிழையின்றி, உரிய இடத்தில் நிற்கட்டும்.