புகார் யார் மீது?



மாநகரத்துக் காவல் நிலையம் ஒன்றில் தொலைபேசி மணி அடிக்கிறது. பேசுகிறவர் கண்ணியமானவர், வரியை ஒழுங்காகக் கட்டுபவர், குரலிலே சினத்தைக் காட்டிலும் சலிப்பே மிகுதி. "சாலைச் சந்திப்பில் காரை நிறுத்த முடியவில்லை, கண்ணாடியைத் தட்டுகிறார்கள். கோயில் வாசலில் கால் வைக்க இடமில்லை. ஏதாவது செய்யுங்கள், ஐயா!" என்கிறார். அவரைப் பழிக்க நான் இங்கு வரவில்லை. நம்மிலே பலர் அவரைப் போன்றவர்களே. ஆனால் 'ஏதாவது செய்யுங்கள்' என்ற அந்த இரண்டு சொற்களுக்கு நம் நாட்டு நகரங்கள் எத்தகைய விடை அளித்து வந்திருக்கின்றன என்பதை உங்கள்முன் எடுத்து வைக்க வேண்டியது என் கடமை.

புகார் வந்துவிட்டது, காவலர் சட்டப் புத்தகத்தைப் புரட்டுகிறார். என்ன கிடைக்கிறது அவருக்கு? 1959-ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக் கொள்வோம். மறு ஆண்டே அது தலைநகர் தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டது. பிச்சை என்றால் என்ன என்று அச்சட்டம் விளக்குகிறது, கேளுங்கள்! பொது இடத்தில் கை நீட்டுவது மட்டுமா பிச்சை? இல்லை. பாடிக் காசு கேட்டாலும் பிச்சை. ஆடிக் கேட்டாலும் பிச்சை. குறி சொன்னாலும், வித்தை காட்டினாலும், ஏதேனும் ஒரு பொருளை விலைக்கு நீட்டி இரந்தாலும் பிச்சை! கழைக் கூத்தாடியும் கிளி சோதிடனும் வெயிலிலே பேனா விற்கும் சிறுவனும் ஒரே வலைக்குள் அடக்கம். அதோடு நின்றதா? பிழைப்புக்குக் கண்கூடான வழி எதுவுமின்றிப் பொது இடத்தில் திரிகிறவர், பிச்சையால் வாழ்பவர் போலத் தோன்றினாலே போதும் என்கிறது சட்டம். தோன்றினால் போதும்! யாருடைய கண்ணுக்குத் தோன்ற வேண்டும்? ரோந்து போகும் காவலரின் கண்ணுக்கு. கிழிந்த சட்டையே சாட்சி, எண்ணெய் காணாத தலையே ஆவணம்.

பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். நீதிமன்றம் சுருக்க விசாரணை நடத்தும். எச்சரித்து விட்டுவிட ஓர் இடைவழி இருக்கிறது என்பதையும் நேர்மையோடு சொல்லிவிடுகிறேன். அவ்வாறு விடாவிட்டால், முதல் முறையிலேயே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் அடைப்பு. திரும்பத் திரும்பப் பிடிபட்டால் பத்தாண்டு வரை! இதனோடு சாதாரணத் திருட்டுக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் வைத்திருந்த அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். உச்ச வரம்பு அதே மூன்றாண்டு. கீழ் வரம்போ கிடையாது. எடுத்தவனுக்கு இல்லாத கீழ் வரம்பு, கேட்டவனுக்கு இருந்தது. இதைத்தான் நாட்டார் நீதி என்று எழுதி வைத்தார்கள்.

தில்லியிலே கிங்ஸ்வே முகாம் பகுதியில், இவர்களுக்கென்றே தனி நீதிமன்றம் இயங்கிற்று. 2010-ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுகள் நெருங்கியபோது அதுவும் போதவில்லை. நீதிமன்றமே வண்டியேறித் தெருவுக்கு வந்தது. வறுமையை ஒழிக்க அந்த வேகத்திலே ஒரு வண்டி புறப்பட்டதை நான் கேள்விப்பட்டதில்லை.

ஐதராபாத்தைப் பாருங்கள். 2017 நவம்பரில் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம் ஓர் ஆணை பிறப்பித்தது: இரண்டு மாதத்திற்குத் தெருவில் எவரும் பிச்சை எடுக்கக் கூடாது. என்ன திடீர் அவசரம்? அம்மாத இறுதியில் உலகத் தொழில்முனைவோர் மாநாடு. அமெரிக்க அதிபரின் மகள் விருந்தினர். பிடிக்கப்பட்டவர்கள் சிறை வளாகங்களில் அமைந்த இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 2025 பிப்ரவரியில் போபாலில் தடை விதிக்கப்பட்டது. அதே மாதத்தில் அங்கே முதலீட்டாளர் மாநாடு. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டிலே பழந்துணியை அலமாரிக்குள் திணித்துக் கதவைச் சாத்துவோம் அல்லவா? மனிதர்களை அப்படித் திணித்தார்கள்.

இந்தூர் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2025 சனவரி முதல் பிச்சை போடுபவர் மீதே வழக்கு என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. கோயிலருகே பத்து ரூபாய் கொடுத்த ஒரு வண்டியோட்டி மீது வழக்கும் பதிவாயிற்று. பத்து ரூபாய்! ஈகையை அறம் என்று ஓதி வளர்ந்த நாட்டில், ஈந்த கை குற்றவாளிக் கை.

"பிச்சைக்குப் பின்னே பெரிய கும்பல் இருக்கிறதே, அது உனக்குத் தெரியாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். குழந்தையைக் கடத்திக் கையேந்த வைக்கும் கயவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மீது பாயச் சட்டம் இல்லையா? இருக்கிறது, கூர்மையாகவே இருக்கிறது. குழந்தையைப் பிச்சைக்கு ஏவினால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் தண்டம். பிச்சைக்கென்று குழந்தையைக் கடத்தினால், இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 139-ஆம் பிரிவுப்படி பத்தாண்டுக்குக் குறையாத கடுங்காவல், ஆயுள் வரை போகலாம். ஊனமாக்கினால் இருபதாண்டுக்குக் குறையாது. ஆயினும் என்ன நடக்கிறது? கும்பல் தலைவனைப் பிடிக்கத் துப்புத் துலக்க வேண்டும். பணம் போன வழியைத் தேட வேண்டும். சாட்சியைக் காக்க வேண்டும். மாதக்கணக்கில் அலைய வேண்டும். மேம்பாலத்தடியில் படுத்திருக்கும் கிழவியைப் பிடிக்க ஒரு வண்டியும் இரண்டு காவலரும் போதும். எய்தவனைத் தேடுவது கடினம். அம்பு காலடியிலேயே கிடக்கிறது. மாலைக்குள் கணக்குக் காட்ட வேண்டிய அதிகாரி எதைப் பொறுக்குவார்?

இதனை உணர்ந்தே தில்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்ட் 8-ஆம் நாள் தீர்ப்பளித்தது. பிச்சை எடுப்பதையே குற்றமாக்கிய பிரிவுகளை அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று வீழ்த்தியது. அதே வேளையில், பிறரைப் பிச்சைக்கு ஏவுகிறவனைத் தண்டிக்கும் 11-ஆம் பிரிவைக் கை வைக்காமல் விட்டது. கவனியுங்கள்: அம்பை விட்டது, எய்தவனைப் பிடிக்கும் கயிற்றை வைத்துக்கொண்டது! மறு ஆண்டு சம்மு காசுமீர் உயர் நீதிமன்றமும் அங்கிருந்த சட்டத்தை வீழ்த்தியது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021 சூலையில், சாலைச் சந்திப்புகளிலிருந்து பிச்சைக்காரரை அகற்றுக என்று உச்ச நீதிமன்றத்தில் ஒருவர் வேண்டினார். மேட்டுக்குடிப் பார்வையை நாங்கள் மேற்கொள்ள மாட்டோம் என்று கூறி, அக்கோரிக்கையை ஏற்க நீதிபதிகள் மறுத்தார்கள்.

தில்லித் தீர்ப்பு தில்லியோடு நின்றது. நம் கதை என்ன?

நம்மிடமும் ஒரு சட்டம் உண்டு. 1945-இல், வெள்ளையர் ஆட்சியில், சென்னை மாகாணத்துக்கென்று பிறந்த பிச்சைத் தடுப்புச் சட்டம். மாகாணம் போயிற்று, மாநிலம் வந்தது, சென்னையின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று; சட்டத்தின் தலைப்பிலும் பெயரை மாற்றினார்கள், உயிரை எடுக்கவில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இந்தியா முழுவதிலும் 4,13,670 பேரைப் பிச்சைக்காரர், நாடோடிகள் என்று எண்ணியது. சிறியதொரு நகரத்தின் மக்கள் தொகைதான் அது. இத்தனை பேருக்குக் கூரையும் கஞ்சியும் மருந்தும் தர முடியாத குடியரசு, இவர்களைத் துரத்தச் சட்டத்துக்கு மேல் சட்டம் வைத்திருக்கிறது.

இதே சென்னையில் வேறொன்றும் நடக்கிறது. சொல்லாமல் விட்டால் அது அநீதி. 2021-இல் பெருநகரக் காவல்துறை 'காவல் கரங்கள்' என்ற அமைப்பைத் தொடங்கிற்று. தெருவிலே கைவிடப்பட்டோர், மனநலம் குன்றித் திரிவோர், வழி தவறிய முதியோர் பற்றித் தகவல் வந்தால், மீட்டு இல்லத்திலோ மருத்துவமனையிலோ சேர்க்கிறார்கள். உறவினரைத் தேடி ஒப்படைக்கிறார்கள். அதே காக்கி உடை, அதே தொலைபேசி, அதே மேம்பாலம். ஆனால் காவலர் கேட்கும் முதல் கேள்வி வேறு. முன்னது, 'எந்தப் பிரிவில் பதிவது?' என்று கேட்கும். பின்னது, 'அம்மா, உன் ஊர் எது?' என்று கேட்கும்.

ஆகவே, நம் வட்டங்களில் பணியாற்றும் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே பணித்திருக்கிறது. உங்கள் பகுதியில் அது எங்கே இருக்கிறது, எத்தனை பாய் இருக்கிறது, பெண்களுக்குத் தனி இடம் உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். அந்த முகவரியைக் காவல் நிலையத்திலும், புகார் கூறும் கடைக்காரரிடமும் எழுதிக் கொடுங்கள். சட்டையைப் பற்றி இழுத்து மிரட்டினான் என்றால், அதற்கு வேறு சட்டம் இருக்கிறது, தாராளமாகப் பதியட்டும். கை நீட்டினான் என்பது மட்டுமே புகார் என்றால், வண்டி போக வேண்டிய இடம் நீதிமன்றம் அன்று.

1945-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கச் சட்டமன்றத்திலே ஒரு பக்க முன்வரைவு போதும். அதைக் கொண்டுவரச் சொல்லி, உங்கள் தொகுதி உறுப்பினரிடம் மனுவோடு போங்கள். காப்பகத்தில் நீங்கள் கண்ட பாய்க்கணக்கையும் அதனோடு இணைத்துக் கொடுங்கள்.