கழுத்து ரத்தக்குழாய் சொல்லும் சேதி



போடிமெட்டு ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் நம் பெண்கள் படபடப்பு, கிறுகிறுப்பு என்றால் பித்தம் என்று விடக்கூடாது. டாக்டர் சாய்த்துப் படுக்கவைத்துக் கழுத்தைப் பார்ப்பது சும்மா அல்ல. அங்குள்ள சிரை ரத்தக்குழாய் இதயத்தின் மேலறையோடு இணைந்தது. ஒரு துடிப்புக்கு இரண்டு மெல்லிய எழுச்சிகள் தெரியும். முதலாவது மேலறை சுருங்குவது. இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் சாதாரணக் குடும்ப மருத்துவராயிருந்த ஜேம்ஸ் மெக்கன்சி இதைக் கருவியால் காகிதத்தில் வரைந்து, 1902இல் நூலாக்கினார்.

நாடி தாறுமாறாகி அந்த முதல் எழுச்சி மறைந்தால், மேலறை சுருங்காமல் நடுங்குகிறது. உள்ளே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். நாடி மெதுவாகி, சிரை இடையிடையே துள்ளினால் மேலறையும் கீழறையும் தனித்தனியே அடிக்கின்றன, பேஸ்மேக்கர் தேவைப்படலாம். வீட்டில் கண்ணாடி பார்த்து முடிவு கட்டாதீர்கள், ஈசிஜி எடுங்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வண்டிச் செலவுக்கு இல்லாதவர்கள் ஜும்ஆவுக்குப் பின் எங்களைப் பாருங்கள்.