மலைப்பாதையில் நாய்க்கும் ஏற்ற வண்டி

போடிநாயக்கனூரிலிருந்து முந்தலைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைந்து, அப்பால் ஏலத்தோட்டங்களுக்குள் செல்லும் குடும்பத்தார், காவலுக்குரிய கோம்பை நாயையும் உடன் அழைத்துச் செல்வாராயின், வண்டி வாங்கும்போது தம் சௌகரியத்தை மாத்திரமன்றி அந்த வாயில்லா ஜீவனின் சுகத்தையும் கருத வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

தோட்டத்துக் கரட்டுப் பாதைக்கு ஜீப்பைப் போல அடிப்பாகம் உயர்ந்த வண்டி அவசியமே. ஆயினும் அவ்வுயரத்திலிருந்து குதித்து இறங்குவது முதிய நாயின் மூட்டுகளை வருத்துமாதலால், சறுக்காத சாய்பலகை ஒன்றை உடன் வைத்துக்கொள்வது உத்தமம்.

பின்னிருக்கையை மடக்கினால் சமதளம் கிடைக்க வேண்டும். அதில் கழுவத்தக்க ரப்பர் விரிப்பை இட்டு, வளைவுதோறும் நாய் உருண்டு விழாதபடி, கழுத்துப்பட்டையில் அன்றி மார்புவாரில் பிணைக்க வேண்டும். குமட்டல் தோன்றாதிருக்க, மலையேறுமுன் வயிறு நிறைய உணவிடலாகாது.

அனைத்திலும் பிரதானமானது காற்றோட்டம். நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்க இயலாத நாய், பெரும்பாலும் மூச்சிரைத்தே தன் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்கிறது. ஆகையால் குளிர்சாதனக் காற்று பின்புறம்வரை எட்டுகிறதா என்று விலை பேசுமுன் சோதியுங்கள். மேட்டில் குளிர்ந்திருப்பினும் அடிவாரத்தில் வெயில் கடுமையாதலின், கடைத்தெருவில் நிறுத்திய வண்டிக்குள் நாயை ஒருபோதும் அடைத்துவிட்டுச் செல்லாதீர்கள். சில நிமிஷங்களில் அது பிராணாபத்தாக முடியும். நம்மை நம்பி ஏறிய ஜீவனைப் பத்திரமாக இறக்கிவிடுவது நம் தர்மம்.